வில்லன் கையைத் தூக்கினாலே கவுன்டர்ஸ்பெல்!

கேள்வி: எங்கள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (பகடை உருட்டிக் கதையாக ஆடும் விளையாட்டு) குழுவுக்கு நான்தான் டன்ஜன் மாஸ்டர், அதாவது கதையையும் வில்லன்களையும் நடத்துபவர். 7ஆம் லெவல் விஸார்டாக (மந்திரவாதியாக) ஆடும் நண்பர், வில்லன் எந்த மந்திரத்தின் பெயரைச் சொன்னாலும் உடனே "கவுன்டர்ஸ்பெல்" என்கிறார், எதிரி மந்திரம் போடும்போதே அதை முறிக்கும் மந்திரம் அது. போன சண்டையில் முக்கிய வில்லனான மந்திரவாதி ஒரு மந்திரம்கூடப் போடாமலே செத்துப்போனான். அதே நண்பர் டிஸ்பெல் மேஜிக் (ஏற்கெனவே ஓடும் மந்திரத்தை முடிக்கும் மந்திரம்) போட்டுவிட்டு, வில்லனின் மந்திர வாள் இனி சாதா வாள்தான் என்கிறார். அவன் எழுப்பிய எலும்புக்கூடுகளும் உதிர்ந்து விழ வேண்டுமாம். மறுத்தால் வாக்குவாதம். சிலரிடம் 2014 விதிப்புத்தகம் இருக்கிறது, சிலரிடம் 2024 புத்தகம். அடுத்த வில்லனுக்கு ஆன்டிமேஜிக் ஃபீல்ட் (சுற்றிலும் மந்திரமே வேலை செய்யாமல் ஆக்கும் மந்திரம்) கொடுத்துவிடலாமா, இல்லை கவுன்டர்ஸ்பெல்லையே தடை செய்துவிடலாமா?

பதில்: தடை வேண்டாம். ஆன்டிமேஜிக் ஃபீல்டும் இப்போதைக்கு வேண்டாம். கோளாறு எங்கே என்பது நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியிலேயே இருக்கிறது: "எந்த மந்திரத்தின் பெயரைச் சொன்னாலும்." பெயரை ஏன் சொல்கிறீர்கள்?

2014 புத்தகத்தில் கவுன்டர்ஸ்பெல் எப்போது போடலாம் என்று பாருங்கள். 60 அடிக்குள் ஒருவர் மந்திரம் போட்டுக்கொண்டிருப்பதை நீங்கள் கண்ணால் பார்த்தால், உங்கள் ரியாக்‌ஷனை (அடுத்தவர் முறையில் குறுக்கிடும் வாய்ப்பை) செலவழித்து அதை முறிக்க முயலலாம். பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அது என்ன மந்திரம், எந்த லெவல் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று அங்கே எங்கும் சொல்லவில்லை. எதிரி கையை ஆட்டுகிறான், ஏதோ முணுமுணுக்கிறான். அது ஊரையே எரிக்கும் நெருப்பா, கதவைத் திறக்கும் சில்லறை வித்தையா? தெரியாமலே ஒரு 3ஆம் லெவல் ஸ்லாட்டை (மந்திரம் போடக் கிடைக்கும் தினசரி ஒதுக்கீட்டில் ஒன்றை) பந்தயம் கட்ட வேண்டும். இந்த மந்திரத்துக்கு உரிய விலையே அந்தத் தெரியாமைதான். பெயரை முன்கூட்டியே சொல்லும் மேசையில் உங்கள் நண்பர் விலை கொடுக்காமல் பொருளை வாங்கிக்கொண்டிருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. கிடைக்கும் தகவலைப் பயன்படுத்துகிறார், நல்ல ஆட்டக்காரர் அப்படித்தான் செய்வார்.

அதனால் இனிமேல் இப்படிச் செய்யுங்கள். வில்லனின் முறை வரும்போது, அவன் போடப்போகும் மந்திரத்தையும் அதற்குச் செலவழிக்கும் ஸ்லாட்டின் லெவலையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கவிழ்த்து வையுங்கள். "இரு கைகளையும் உயர்த்தி மந்திரம் சொல்லத் தொடங்குகிறான்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஒரு மூச்சு நிறுத்துங்கள். யாராவது குறுக்கிட விரும்பினால் அப்போதே சொல்ல வேண்டும், எந்த லெவல் ஸ்லாட்டில் போடுகிறார் என்பதையும் சேர்த்து. அப்புறம்தான் சீட்டைத் திருப்ப வேண்டும். பெயரும் விளைவும் வெளியே வந்த பிறகு "அய்யோ, கவுன்டர்ஸ்பெல்!" என்றால் செல்லாது. கொஞ்சம் சடங்குபோலத் தோன்றினாலும், சீட்டு இருப்பதால் நீங்கள் நடுவில் மனசு மாற்றிக்கொண்டீர்கள் என்ற சந்தேகம் யாருக்கும் வராது. உங்கள் மேசையில் ஏற்கெனவே வாக்குவாதம் ஓடுகிறது என்கிறீர்கள், ஆகவே இது தேவைதான்.

பெயர் தெரிந்தே ஆக வேண்டும் என்று அவர்கள் பிடிவாதம் பிடித்தால் அதற்கும் வழி இருக்கிறது. 2017இல் வந்த 'ஸனதார்ஸ் கைட் டு எவ்ரிதிங்' புத்தகத்தில் மந்திரத்தை அடையாளம் காணும் விதி உண்டு. இன்டெலிஜென்ஸ் ஆர்கானா சோதனை (மந்திர அறிவுக்காக உருட்டும் இருபதுமுகப் பகடை), எட்ட வேண்டிய எண் 15 கூட்டல் மந்திரத்தின் லெவல். போடுபவனும் அடையாளம் காண்பவரும் ஒரே கிளாஸை, அதாவது விஸார்ட் போன்ற பாத்திர வகையைச் சேர்ந்தவர்களாக இருந்து, அது அந்த கிளாஸின் மந்திரமாகவும் இருந்தால் அட்வான்டேஜ், அதாவது இரண்டு பகடை உருட்டி அதிகமானதை எடுக்கலாம். ஆனால் மந்திரம் போடப்படும்போதே அடையாளம் காண ரியாக்‌ஷன் செலவாகும். ஒரு சுற்றுக்கு ஒருவருக்கு ஒரே ரியாக்‌ஷன்தான். ஆகவே கண்டுபிடித்தவரே முறிக்க முடியாது. ஒருவர் கண்டுபிடித்துக் கத்த, இன்னொருவர் முறிக்கலாம். கண்டிப்பான டன்ஜன் மாஸ்டர் சிலர் அதற்கெல்லாம் நேரம் எங்கே என்று மறுப்பார்கள். நான் அனுமதிப்பேன். இரண்டு பேரின் ரியாக்‌ஷனைச் செலவழித்து வாங்கும் தகவல் அது, ஓசியில் வந்ததல்ல.

இதோடு இன்னொரு விஷயம். பெயர் தெரிந்தாலும் லெவல் தெரிந்துவிடாது. ஃபயர்பால் 3ஆம் லெவல் மந்திரம். அதையே வில்லன் 5ஆம் லெவல் ஸ்லாட்டில் போட்டால் அது 5ஆம் லெவல் மந்திரம், 8க்குப் பதில் 10 ஆறுமுகப் பகடைச் சேதம். 2014 விதிப்படி, 3ஆம் லெவல் ஸ்லாட்டில் போட்ட கவுன்டர்ஸ்பெல் 3 வரையிலான மந்திரங்களைத் தானாகவே முறிக்கும். அதற்கு மேலே போனால் பகடை உருட்ட வேண்டும், எட்ட வேண்டிய எண் 10 கூட்டல் எதிரி மந்திரத்தின் லெவல். அந்த 5ஆம் லெவல் ஃபயர்பாலுக்கு 15. உங்கள் நண்பரின் இன்டெலிஜென்ஸ் 18 என்று வைத்துக்கொண்டால் அவருக்குக் கூடுவது 4, பகடையில் 11 வேண்டும், சரிபாதி வாய்ப்பு. 9ஆம் லெவல் மந்திரம் என்றால் 15 வேண்டும், வாய்ப்பு 30 சதவீதம்தான். கூடுதல் ஸ்லாட் செலவழித்து கவுன்டர்ஸ்பெல்லையே 5ஆம் லெவலில் போட்டால் 5 வரை பகடையே வேண்டாம். ஆனால் 7ஆம் லெவல் விஸார்டிடம் 5ஆம் லெவல் ஸ்லாட் கிடையாது.

இங்கே ஒன்றைச் சரிபாருங்கள். உங்கள் நண்பர் இந்தப் பகடையில் புரோஃபிஷியன்ஸி போனஸை, அதாவது பயிற்சிக்கான கூடுதல் எண்ணைக் கூட்டுகிறாரா? பல மேசைகளில் கூட்டுகிறார்கள், தப்பு. இது வெறும் ஏபிலிட்டி சோதனை. அப்ஜூரேஷன் (பாதுகாப்பு மந்திரம்) பள்ளி விஸார்டுக்கு மட்டும் 10ஆம் லெவலில் அந்த உரிமை வரும். பார்ட் (பாடகர் வகைப் பாத்திரம்), ஜாக் ஆஃப் ஆல் டிரேட்ஸ் என்ற திறமை மூலம் பாதியைக் கூட்டலாம். மற்றவர்களுக்கு இல்லை.

சரி, 2024 புத்தகம். அதில் கவுன்டர்ஸ்பெல் கிட்டத்தட்ட வேறொரு மந்திரம். முறிக்கிறவர் பகடை உருட்டுவதில்லை. மந்திரம் போடுபவன் கான்ஸ்டிட்யூஷன் சேவிங் த்ரோ (உடல் உறுதியால் தப்பிக்கும் பகடை) உருட்ட வேண்டும். தோற்றால் அவன் மந்திரம் கலைந்துபோகும், அந்த ஆக்‌ஷனும் வீண். ஆனால் ஸ்லாட் செலவாகாது, அவனிடமே இருக்கும். எதிரி மந்திரத்தின் லெவல் இங்கே கணக்கிலேயே வருவதில்லை. ஆகவே 7ஆம் லெவல் விஸார்ட் ஒருவர் 9ஆம் லெவல் மந்திரத்தைக்கூட அதே வாய்ப்பில் முறித்துவிடலாம். உங்கள் நண்பரின் சேவ் எண் (தப்பிக்க எதிரி எட்ட வேண்டிய எண்) 15, வில்லனின் கான்ஸ்டிட்யூஷன் சேவுக்குக் கூடுவது 3 என்றால், வில்லன் 12 உருட்ட வேண்டும், 100க்கு 55 முறை தோற்பான். இன்னொரு பக்கம், லெஜன்டரி ரெஸிஸ்டன்ஸ் உள்ள வில்லன் அந்தத் தோல்வியை வெற்றியாக மாற்றிக்கொள்ளலாம். 2014இல் அந்த வசதி இல்லை, ஏனென்றால் அங்கே அவன் சேவிங் த்ரோவே உருட்டுவதில்லை. பெரிய வில்லனோடு நடக்கும் சண்டைக்கு 2024 விதி நல்லது என்பது என் கருத்து. தோற்றவருக்கும் ஸ்லாட் மிஞ்சுவதால் கசப்பு குறைவு, முக்கியமாக நீங்கள் ஆட்டக்காரர்களின் மந்திரத்தை முறிக்கும்போது. ஒரு மாலை முழுக்கக் காத்திருந்து போட்ட பெரிய மந்திரம் ஸ்லாட்டோடு காணாமல்போனால் யாருக்கும் சிரிப்பு வராது.

இரண்டு புத்தகங்களையும் கலந்து ஆடுவதுதான் உங்கள் மேசையின் உண்மையான ஆபத்து. ஒருவர் 2014 விதிப்படி தானாகவே முறிக்க, இன்னொருவர் 2024 விதிப்படி ஸ்லாட்டைத் திரும்பக் கேட்பார். ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், இரு தரப்புக்கும் அதுவே. இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. எதிரியின் கவுன்டர்ஸ்பெல்லை உங்கள் கவுன்டர்ஸ்பெல்லால் முறித்து, போட்டுக்கொண்டிருக்கும் மந்திரத்தைக் காப்பாற்றுவது 2014இல் முடியும், உங்கள் முறையிலேயேகூட. அந்த முறையில் போனஸ் ஆக்‌ஷன் மந்திரம் எதுவும் போட்டிருக்கக் கூடாது, அவ்வளவுதான். 2024இல் ஒரு முறைக்கு ஒரே ஒரு ஸ்லாட்தான் செலவழிக்கலாம். முதல் மந்திரத்துக்கே ஸ்லாட் போய்விட்டதால், தன் மந்திரத்தைத் தானே காப்பாற்ற முடியாது, தோழர் ஒருவர்தான் கைகொடுக்க வேண்டும்.

பழைய பதிப்புகளில் இந்த வம்பே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில், எதிரி மந்திரத்தை முறிக்க முன்கூட்டியே உங்கள் ஆக்‌ஷனைத் தயாராக வைத்துக் காத்திருக்க வேண்டும், அது என்ன மந்திரம் என்று ஸ்பெல்கிராஃப்ட் சோதனையில் கண்டுபிடிக்க வேண்டும், பிறகு அதே மந்திரத்தை நீங்களும் போட வேண்டும். இல்லையென்றால் டிஸ்பெல் மேஜிக்கைப் போட்டுப் பகடையை நம்ப வேண்டும். விதி அழகானது, ஆனால் ஒரு முறை முழுவதும் சும்மா நிற்க யாருக்கு மனசு வரும்? ஐந்தாம் பதிப்பு அந்தக் காத்திருப்பை எடுத்துவிட்டு ரியாக்‌ஷன் ஆக்கியது. அதனால்தான் இன்று எல்லோரும் போடுகிறார்கள்.

டிஸ்பெல் மேஜிக் விஷயத்தில் நீங்கள் சொன்னதுதான் சரி, இரண்டு வழக்கிலும். கவுன்டர்ஸ்பெல் பிறக்கும் மந்திரத்தைத் தடுக்கிறது, டிஸ்பெல் மேஜிக் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மந்திரத்தை முடிக்கிறது. 120 அடிக்குள் ஒரு உயிர், ஒரு பொருள், அல்லது ஒரு மந்திர விளைவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதன் மேல் இருக்கும் 3ஆம் லெவல் வரையிலான மந்திரங்கள் முடிந்துபோகும், மேலே உள்ளவற்றுக்கு 10 கூட்டல் லெவல் என்ற அதே பகடை. இங்கே 'மந்திரம்' என்றால் யாரோ ஒருவர் போட்ட ஸ்பெல் மட்டும்தான். மந்திர வாள் என்பது ஒரு பொருள், அதன் தன்மையே அது. அதன் மேல் யாராவது மேஜிக் வெப்பன் போன்ற ஸ்பெல்லைப் போட்டிருந்தால் அந்த ஸ்பெல் போகும், வாள் அப்படியே இருக்கும். வேம்பயர் தன் பார்வையால் ஒருவரை மயக்கினால் அதையும் டிஸ்பெல் தொடாது, அது ஸ்பெல் அல்ல, அந்த ஜந்துவின் இயல்பு.

எலும்புக்கூடுகள் இன்னும் சுவாரசியம். அனிமேட் டெட் (பிணங்களை எழுப்பும்) மந்திரத்தின் கால அளவு என்ன என்று பாருங்கள்: இன்ஸ்டன்டேனியஸ். போட்ட நொடியிலேயே மந்திரம் தன் வேலையை முடித்துப் போய்விடுகிறது. எலும்புக்கூடு எழுந்து நடப்பது அதன் விளைவு. முடிந்துபோன மந்திரத்தை முடிக்க முடியாது. குணமான காயத்தை டிஸ்பெல் போட்டுத் திரும்பத் திறக்க முடியாததும் இதே காரணத்தால்தான். வாக்குவாதம் வரும்போதெல்லாம் மந்திர விவரத்தில் கால அளவு என்ற வரியைப் படித்துக் காட்டுங்கள், பாதிச் சண்டை அங்கேயே தீரும். மீதிப் பாதிக்கு விதிவிலக்குகளைப் பார்க்க வேண்டும். வால் ஆஃப் ஃபோர்ஸ் (மந்திரச் சுவர்) ஓடிக்கொண்டிருக்கும் மந்திரம்தான், ஆனால் டிஸ்பெல் மேஜிக்கால் அதை அகற்ற முடியாது என்று அதன் விவரத்திலேயே எழுதியிருக்கிறது. டிஸின்டக்ரேட் போட்டால் மட்டும் நொறுங்கும்.

உங்கள் நண்பருக்கு ஆறுதலாக ஒன்று சொல்லுங்கள். ஸ்லாட்டே செலவழிக்காமல் ஓடும் மந்திரத்தை முறிக்கும் வழி ஒன்று இருக்கிறது, அடிப்பது. வில்லன் கான்ஸென்ட்ரேஷனில் (மனதைக் குவித்து) பிடித்திருக்கும் மந்திரத்துக்கு, ஒவ்வொரு முறை அடி விழும்போதும் அவன் கான்ஸ்டிட்யூஷன் சேவ் உருட்ட வேண்டும், எட்ட வேண்டிய எண் 10 அல்லது சேதத்தில் பாதி, எது அதிகமோ அது. நாலு அம்பு பாய்ந்தால் நாலு சோதனை. இதை ஏனோ மந்திரவாதிகள் மறந்துவிடுகிறார்கள், வில்லாளிகள் மறப்பதில்லை.

ஆன்டிமேஜிக் ஃபீல்டுக்கு வருவோம். இது 8ஆம் லெவல் மந்திரம். போட்டவரைச் சுற்றி 10 அடி ஆரத்தில் ஒரு கோளம், கான்ஸென்ட்ரேஷன், அதிகபட்சம் 1 மணி நேரம், அவர் நகர்ந்தால் கூடவே நகரும். உள்ளே மந்திரம் போட முடியாது, மந்திரப் பொருட்கள் சாதாப் பொருட்கள் ஆகும், வரவழைக்கப்பட்ட உயிர்கள் மறையும். ஆனால் இது எதையும் அழிப்பதில்லை, அடக்கி வைக்கிறது. பறக்கும் மந்திரத்தில் இருப்பவர் கோளத்துக்குள் வந்தால் விழுவார், வெளியே வந்தால் மறுபடி பறக்கலாம், இடையில் போன நேரம் மட்டும் கணக்கில் கழியும். உங்கள் எலும்புக்கூடுகள் இதற்குள்ளும் நடக்கும், காரணம் மேலே சொன்னதுதான். டிராகன் பறக்கும், நெருப்பும் கக்கும், அவை ஸ்பெல் அல்ல. டிஸ்பெல் மேஜிக் இந்தக் கோளத்தை ஒன்றும் செய்யாது.

இதை மந்திரவாதி வில்லனுக்குக் கொடுத்தால் யாருக்கு நஷ்டம் என்று யோசியுங்கள். கோளத்தின் நடுவில் நிற்பவன் அவன். உங்கள் விஸார்ட் ஒரு மூலையில் உட்கார்ந்து கொட்டாவி விடுவார், வில்லனும் மந்திரம் போட முடியாமல் நிற்பான், வாள்வீரர் போய் வெட்டிவிட்டு வருவார். ஆன்டிமேஜிக்கை எப்படிக் கொடுக்க வேண்டும் என்பதற்கு பிஹோல்டர் என்ற பல கண் அரக்கனைப் பாருங்கள். அதன் நடுக்கண்ணிலிருந்து 150 அடிக் கூம்பு வடிவில் மந்திரம் அடங்கும், ஆனால் அதன் சொந்தக் கதிர்களும் அந்தக் கூம்புக்குள் வேலை செய்யாது. எந்தப் பக்கம் பார்ப்பது என்று ஒவ்வொரு முறையும் அது தேர்ந்தெடுத்தாக வேண்டும், ஆட்டக்காரர்களும் எந்தப் பக்கம் ஓடுவது என்று யோசிக்க வேண்டியிருக்கும். சண்டையில் அசைவு வருகிறது.

அப்படியானால் உங்கள் அடுத்த வில்லனுக்கு என்ன செய்யலாம்? முதலில் கணக்கு. 7ஆம் லெவல் விஸார்டிடம் 3ஆம் லெவல் ஸ்லாட் 3, 4ஆம் லெவல் ஸ்லாட் 1. ஆக ஒரே சண்டையில் அதிகபட்சம் 4 கவுன்டர்ஸ்பெல். வில்லன் சண்டை மட்டுமே அந்த நாளின் ஒரே சண்டை என்றால் நாலும் அவன் தலையில்தான் விழும். அதற்கு முன்னால் இரண்டு சண்டை வையுங்கள், ஸ்லாட்டைச் செலவழிக்கத் தூண்டும் விதத்தில்.

வில்லனைத் தனியாக நிறுத்தாதீர்கள். கூட ஒரு சிஷ்யன் இருக்கட்டும், வில்லனுக்கு முன்னால் அவன் முறை வரட்டும், கேன்ட்ரிப்பாகவே (ஸ்லாட் செலவாகாத சின்ன மந்திரம்) போடட்டும். சீட்டு கவிழ்ந்திருக்கும்போது அது கேன்ட்ரிப் என்று யாருக்குத் தெரியும்? ரியாக்‌ஷன் அங்கே போய்விட்டால் வில்லனுக்கு வழி திறக்கும். விஸார்ட் மேல் இரண்டு அம்பு விடச் செய்யுங்கள். அவர் ஷீல்ட் மந்திரம் போட்டுத் தப்பித்தால் அதுவும் ரியாக்‌ஷன்தான், அவருடைய அடுத்த முறை தொடங்கும்வரை கவுன்டர்ஸ்பெல் கிடையாது.

தூரமும் பார்வையும் இன்னும் எளிது. 61ஆவது அடியில் கவுன்டர்ஸ்பெல் இல்லை. புகைமூட்டத்துக்குள் நிற்பவனைப் பார்க்க முடியாது, ஆகவே முறிக்கவும் முடியாது. தூணுக்குப் பின்னால் மந்திரத்தைப் போட்டு ரெடி ஆக்‌ஷனில் பிடித்துக்கொண்டு, எதிரி கண்ணில் பட்டதும் விடலாம். மந்திரம் போடப்பட்டது தூணுக்குப் பின்னால், விடுவது போடுவது ஆகாது. ஆனால் அதுவரை கான்ஸென்ட்ரேஷன் வேண்டும், நடுவில் அடி பட்டால் போச்சு. வில்லன் சோர்சரராக (பிறவி மந்திரவாதி வகை) இருந்தால் ஸட்டில் ஸ்பெல் இருக்கிறது, 1 சோர்சரி பாயின்ட்டுக்குச் சொல்லும் சைகையும் இல்லாமல் போடுவான், பொருள் தேவைப்படாத மந்திரம் என்றால் பார்க்க ஒன்றுமே இருக்காது. இதை ஒரு சண்டைக்கு ஒரு முறை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மந்திரத்துக்கும் செய்தால் நண்பர் எடுத்து வைத்த கவுன்டர்ஸ்பெல் வெறும் அலங்காரம் ஆகிவிடும், அவர் அடுத்த வாரம் வேறு கேரக்டரோடு வருவார்.

சைலன்ஸ் மந்திரத்தைப் பயன்படுத்த நினைத்தால் ஒரு எச்சரிக்கை. 20 அடி ஆரத்தில் சத்தம் இல்லாமல் செய்யும் இந்த 2ஆம் லெவல் மந்திரம், உச்சரிப்பு தேவைப்படும் மந்திரங்களை எல்லாம் நிறுத்தும், டிஸ்பெல் மேஜிக்கையும் சேர்த்து. கவுன்டர்ஸ்பெல்லை நிறுத்தாது, அதற்குச் சைகை மட்டும் போதும். அதை வேண்டுமானால் கைகளைக் கட்டித்தான் நிறுத்த வேண்டும்.

வில்லன் உங்கள் ஆட்டக்காரர்களின் மந்திரத்தை முறிக்கும்போது, நீங்களும் பெயரைக் கேட்காதவர்போல முடிவெடுக்க வேண்டும். சண்டை தொடங்கும் முன்பே வில்லனின் குறிப்பில் எழுதி வைத்துவிடுங்கள்: "ஒவ்வொரு சுற்றிலும் விஸார்ட் போடும் முதல் மந்திரத்தை முறிப்பான், மதகுரு போடுவதை விட்டுவிடுவான்." உங்கள் நண்பர் இரண்டாவது சுற்றிலேயே இந்தப் பழக்கத்தைக் கண்டுபிடித்து, கேன்ட்ரிப் போட்டு ஏமாற்றத் தொடங்குவார். ஏமாறுங்கள்.